குடும்பச் சிக்கலுக்குக் கவுன்சலிங்: கிளினிக் கதவா, கைப்பேசித் திரையா?

சென்னையில் பிள்ளை வளர்ப்புக்கோ குடும்பச் சிக்கலுக்கோ மனநல உதவி தேடினால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: நேரில் போகும் கிளினிக், வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பு, மாதச் சந்தா கட்டும் செயலி, கட்டணமில்லாத அரசுத் தொலைபேசி. பெரும்பாலோர் கட்டணத்தையும் தூரத்தையும் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். போரூரிலிருந்து அண்ணா நகருக்கு மாலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பார்த்தவர்களை இதற்காகக் குறை சொல்ல முடியாது. ஆனால் குடும்ப விவகாரத்தில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. பேச்சு நடக்கும்போது யார் உடனிருக்க வேண்டும்? யார் காதில் அது விழக் கூடாது?

முதல் கேள்வியில் வீடியோ சுலபமாக ஜெயிக்கிறது. கிளினிக்குக்குப் பிள்ளையை அழைத்து வருகிறவர் பெரும்பாலும் அம்மா. அப்பா ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்டில் இருப்பார், இல்லையென்றால் மஸ்கட்டில். பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு முழங்கால் வலி. ஆக, வீட்டில் சட்டம் போடுகிற மூவரில் ஒருவர் மட்டும் கேட்டுவிட்டு வந்து மற்ற இருவரிடமும் ஒப்பிக்கிறார். “பிள்ளை கையில் போன் கொடுக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னார்” என்று மருமகள் வந்து சொன்னால் எந்த மாமியார் ஏற்றுக்கொள்வார்? அதையே ஆலோசகர் திரையில் வந்து, “பகலெல்லாம் நீங்கள்தானே அம்மா பார்த்துக்கொள்கிறீர்கள், எந்த நேரத்தில் உங்களால் முடியாமல் போகிறது?” என்று கேட்டால் பேச்சு வேறு திசையில் போகும். மஸ்கட்டுக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். இங்கே இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் அங்கே எட்டு மணி, அப்பாவும் வரலாம்.

இன்னொரு சாதகம் பலருக்குத் தெரியாது. அடம், அடிதடி, சொன்ன பேச்சு கேளாமை என்று சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்களே, அவர்களுக்கு ஆய்வுகளில் நன்றாக நிலைபெற்ற வழி பெற்றோருக்குப் பயிற்சி தருவதுதான். பிள்ளையைத் தனியே உட்காரவைத்துப் புத்திசொல்வதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபெர்க் 1970களில் வடிவமைத்த பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சை இந்த வகை. இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளையோடு அம்மாவோ அப்பாவோ விளையாடுவார்கள். ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சிகிச்சையாளர், பெற்றோர் காதில் மாட்டிய கருவி வழியே அப்போதைக்கப்போது சொல்லிக்கொடுப்பார். இணையத்துக்காகவே பிறந்தது போன்ற முறை. அலமாரித் தட்டில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, காதில் புளூடூத்தை மாட்டிக்கொண்டால் போதும். கிளினிக்கில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் நாலு வயதுக்காரன், வீட்டில் இரவு எட்டு மணிக்கு இட்லித் தட்டைத் தள்ளிவிடுவதை ஆலோசகர் அப்படியே திரையில் பார்க்கிறார். “திட்ட வேண்டாம். அவனைப் பார்க்காமல் நீங்கள் சாப்பிடுங்கள்... இதோ தட்டை இழுத்துக்கொண்டான், உடனே பாராட்டுங்கள்.” அந்த ‘உடனே’வைக் கிளினிக் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது. இணைய வழியில் செய்து பார்த்த ஆய்வுகளிலும் பலன் குறையவில்லை. இந்த முறையிலேயே பயிற்சி பெற்றவர் கிடைக்காவிட்டாலும், “பெற்றோருக்குப் பயிற்சி தருவீர்களா, பிள்ளையோடு மட்டும் பேசுவீர்களா?” என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கிளினிக்கை விட்டால் வேறு வழியில்லாத இடம் பரிசோதனை. பேச்சுத் தாமதம், ஆட்டிசச் சந்தேகம், கற்றல் குறைபாடு, ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு–மிகைத்துடிப்புக் கோளாறு என்றால் பிள்ளை நேரில் வர வேண்டும். திரையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் பெயர் சூட்டுகிறவரிடமிருந்து ஓடிவிடுங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் இதற்கு இருக்கின்றன. பின்னது 1794இல் தொடங்கியது. ஊரே ‘கீழ்ப்பாக்கம்’ என்று கேலி பேசிப் பேசி, போக வேண்டியவர்களையும் தடுத்து வைத்திருக்கிறது. மருந்து விஷயத்தில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, மருத்துவர் சிறாரைத் திரையில் பார்க்க வேண்டுமானால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்பெனிடேட், மருந்துச் சட்ட விதிகளில் கடும் கட்டுப்பாடுள்ள அட்டவணை எக்ஸில் உள்ள மருந்து என்பதால் இணைய வழியில் எழுதித்தர அனுமதி இல்லை.

இனி, யார் காதில் விழக் கூடாது? இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் ஐந்து பேர் குடியிருக்கும் ஊர் இது. மாமியாரோடு ஒத்துப்போகவில்லை என்பதைப் பேச உட்கார்ந்த மருமகளிடம், கதவைத் திறந்து “காபி போடட்டுமா?” என்று மாமியாரே கேட்டால் அந்த அமர்வு அவ்வளவுதான். அதனால்தான் பல பெண்கள் நிறுத்தியிருக்கும் காருக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள். தரைக்குக் கீழே பார்க்கிங் என்றால் சிக்னல் கிடைக்காது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலே மேல். கணவன் மனைவி தகராறில் இன்னொரு சங்கடமும் உண்டு. அழைப்பைத் துண்டித்த மறுநொடி இருவரும் அதே சோபாவில், அதே கோபத்தோடு இருக்கிறார்கள். கிளினிக் என்றால் படியிறங்கி வண்டியை எடுப்பதற்குள் கொஞ்சம் ஆறும். தம்பதியருக்கு என் தேர்வு கிளினிக்தான். முடியாவிட்டால் இருவரும் வெவ்வேறு இடங்களிலிருந்து வீடியோவில் சேரலாம். வீட்டில் அடிதடி இருந்தால் அங்கிருந்து வீடியோ பேச்சே வேண்டாம். பெண்களுக்கான 181 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு என்னால் ஒரே பதில் சொல்ல முடியவில்லை. சிலர் முகம் பார்த்துப் பேசக் கூசுவார்கள், திரையில் கொட்டிவிடுவார்கள். ஆனால் கதவுக்கு வெளியே அம்மாவின் நிழல் தெரிந்தால் “எல்லாம் ஓகே” என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்த முக்கால் மணி நேரம் பெற்றோர் பூங்காவுக்குப் போய்விடுவார்கள் என்றால் வீடியோ சரி. எது பெற்றோருக்குச் சொல்லப்படும், எது சொல்லப்படாது என்பதை முதல் நாளே ஆலோசகர் மூவரிடமும் விளக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் கிடையாது. பாலியல் கொடுமை தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும்.

செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு பேர் சம்பந்தப்பட்ட சண்டையை ஒருவர் தட்டச்சு செய்து அனுப்ப, இன்னொருவர் ஆறு மணி நேரம் கழித்துப் பதில் எழுதினால் அதன் பெயர் குடும்ப ஆலோசனை ஆகாது. தகவல் கசியும் அபாயமும் சும்மா சொல்வதில்லை. பயனர்களின் மனநலத் தகவலை விளம்பரத்துக்காக பேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக, அமெரிக்காவின் இணைய ஆலோசனைச் செயலியான பெட்டர்ஹெல்ப் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்தது; நிறுவனம் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. உள்ளூர்ச் செயலியில் சேர்ந்தாலும் ஆலோசகரின் தகுதியைக் கேளுங்கள். குறுகிய காலச் சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டு ‘கவுன்சலர்’ என்று போர்டு மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் முகம் சுளிப்பவர் வேண்டாம்.

நான்காவது வழியான அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை, 2022இல் தொடங்கிய 14416ஐ, ஏனோ, நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசில்லை. பரீட்சை முடிவு வந்த இரவில் மகன் அறையைப் பூட்டிக்கொண்டால் எந்தக் கிளினிக்கும் திறந்திருக்காது. வாராவாரம் அதே ஆளிடம் தொடர்ந்து பேச வேண்டிய சிக்கலுக்கு மட்டும் இது போதாது.

தனியாரிடம் ஒரு அமர்வுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்பது சென்னையில் சாதாரணம். வீடியோவுக்கும் பலர் அதே தொகைதான் வாங்குகிறார்கள். மிச்சமாவது ஆட்டோ காசும் இரண்டு மணி நேரமும். நானாக இருந்தால் முதல் அமர்வுக்கு மட்டும் பிள்ளையோடு நேரில் போவேன், பிறகு பாட்டியையும் சேர்த்துக்கொண்டு வீடியோவுக்கு மாறுவேன். இதற்கு ஒத்துக்கொள்ளும் ஆலோசகரா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே போனில் கேட்டுக்கொள்ளலாம்.