வடசேரி கோயில் நகை: வாங்குமுன் திருப்பிப் பாருங்கள்

சாமிக்குச் சாத்துவதும் நாட்டியக் கலைஞர்கள் அணிவதும் கோயில் நகை. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் அந்த நகையில் முதலில் கண்ணை இழுப்பது சிவப்புக் கெம்புக் கல். ஆனால் தரம் தெரிவது பின்பக்கத்தில்தான். அங்கே வெள்ளித் தகடு சீராக, பற்றவைத்த இடம் வழியாமல் இருந்தால் நல்ல கை வேலை. வெள்ளி கறுத்திருப்பது குறையல்ல. செம்பில் முலாம் பூசிப் பசையால் கல் ஒட்டியவையும் இதே பெயரில் விற்கின்றன. அவை வேறு சரக்கு.

தகட்டை வெட்டி, மெல்லிய வெள்ளிப் பட்டையால் கல்லுக்கு அறை கட்டி, பற்றுப்பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறார்கள். அறையில் அரக்கை உருக்கி நிரப்பிக் கல்லை அமர்த்திய பிறகு, அதைச் சுற்றித் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தகட்டை, அழுத்தி ஒதுக்க வேண்டும். நேரம் முழுவதையும் விழுங்குவது இந்த வேலைதான். அரக்கு கருகினால் நொறுங்கி, கல் ஆடும். காதருகே அசைத்தால் சத்தம் கேட்கும். அரக்கு போதாவிட்டால் கல் உள்ளிறங்கி ரேக்கு பிரியும். விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள், எங்கும் தட்டக் கூடாது.

ராக்கொடி என்ற தலை நகையில், கூந்தலோடு ஒட்டிக்கிடக்கும் ஓரக் கல்லிலும் ரேக்கு அதே ஒழுங்கில் இருந்தால், செய்தவர் இதைக் கூலிவேலையாக மட்டும் நினைக்கவில்லை என்பது நிச்சயம். அமெரிக்க ஆய்வாளர் ஏமி ரெஸ்னெஸ்கியும் சக ஆய்வாளர்களும் 1997-இல் 196 பேரிடம் கேட்டு, வேலையைச் சம்பளத்துக்காக, முன்னேற்றத்துக்காக, தன் பிறவிப்பணியாக என மூன்று விதமாக மக்கள் காண்பதைப் பதிவு செய்தார்கள். வாழ்க்கையிலும் வேலையிலும் கூடுதல் நிறைவு சொன்னவர்கள் மூன்றாம் வகையினர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மிருகக்காட்சிசாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றி 2009-இல் வந்த ஆய்வில், வேலையைப் பிறவிப்பணியாகக் கண்டவர்களே பணத்தையும் நேரத்தையும் சுகத்தையும் அதிகம் விட்டுக்கொடுத்தார்கள். நாள் முழுக்கக் குனிந்து கண்ணைச் சுருக்கிச் செய்யும் இந்த வேலைக்கும் அது அப்படியே பொருந்தும். கழுத்தும் கண்ணும் தேய்வதை மனநிறைவு தடுத்துவிடாது. "சாமி காரியந்தானே, கூலியைக் குறைச்சுக்கிடுங்க" என்று பேரம் பேசுவது அந்தப் பற்றையே சுரண்டுவதாகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பேரம் பேச வேண்டிய இடம் எடை. அரக்கும் கல்லும் சேர்ந்த மொத்த எடைக்கு வெள்ளி விலை கொடுக்காதீர்கள். அரக்கு நிரப்புமுன் வெள்ளி எத்தனை கிராம் என்று எழுதி வாங்குங்கள். கூலியைத் தனியாகப் பேசுங்கள். நாட்டியத்துக்கு முழு செட் வேண்டுமானால் மார்கழி நெருங்கியபின் போய் அவசரப்படுத்தாதீர்கள், அவசரத்தில் முதலில் கெடுவது ரேக்குதான்.

வாங்கியபின் வெந்நீர், பூந்திக்கொட்டை, புளி எதிலும் ஊறப்போடக் கூடாது. சூட்டில் அரக்கு இளகும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விடாதீர்கள். நாட்டியம் ஆடி முடித்ததும் வியர்வையை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி வையுங்கள். கல் ஆடினால் பசை வைக்காமல் பட்டறைக்கே கொண்டுபோங்கள். பசை காய்ந்த அறையைச் சுரண்டி எடுத்து மறுபடி அரக்கு நிரப்புவது இரட்டை வேலை.