இரண்டாம் வருஷத்தில் நர்சிங்கை விடலாமா?

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பிள்ளைகள் ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டிய வாரத்தில் எப்படியும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். போன வாரமும் வந்தது. குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம், தூரத்துச் சொந்தம். "மக்களே, இவ இனி போவமாட்டேன்னு நிக்கியா. நீ படிச்சவதான, நீயே சொல்லு."

நான் கேட்பது இரண்டே கேள்வி. டிகிரியான பி.எஸ்சி நர்சிங்கா, டிப்ளமோவான ஜி.என்.எம்மா? எத்தனாவது வருஷம்?

நான் பி.எஸ்சி நர்சிங்கை முடித்தவள். அதனால் முடிக்கிற பக்கம் சாய்ந்துதான் பேசுவேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நானும் 2018 டிசம்பரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான். இரண்டாம் வருஷம். மூத்த பேட்ச் அக்கா ஒருத்தி நாலு வருஷம் படித்துவிட்டு நாகர்கோவிலில் மாசம் 8,000 ரூபாய்க்குச் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் புத்தகத்தைத் திறக்கவே கை வரவில்லை. அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினவர், வாசலில் நின்று, "படிக்க மனசில்லேன்னா விட்டுரு மக்களே, காசு போனாப் போட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும்.

வேலை கஷ்டம், நைட் டியூட்டி, கால் வலி, கல்யாணச் சந்தைப் பேச்சு இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் எத்தனை நர்சிங் காலேஜ் போர்டு என்று எண்ணிப் பார்த்தாலே சம்பளம் ஏன் ஏறவில்லை என்பதும் புரியும். எனக்கு முதல் மாசம் கையில் வந்தது 9,500. உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்சுகள் போராடி 2018-ல் அதை அரசாணையாகவே வாங்கிவிட்டார்கள். கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் அதைச் சொல்லிச் சம்பளம் கேட்டால் "அப்ப அங்கயே போங்க" என்பார்கள். போய்க்கொண்டுதான் இருக்கிறோம். அரசு வேலையிலும் தொகுப்பூதியத்தில் சேர்ந்து நிரந்தரத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுத்தவர்களை 2022 டிசம்பர் 31-ஓடு போகச் சொல்லிவிட்டார்கள்.

ஆக, விட நினைக்கிற பிள்ளையின் பயத்தில் தப்பில்லை. விட்டுவிட்டு என்ன செய்வது என்பதில்தான் கணக்கு இடிக்கிறது.

என் பக்கத்து பெஞ்சுக்காரி ஐந்தாம் மாசமே விட்டாள். நாலு வருஷ ஃபீஸையும் கட்டினால்தான் சர்ட்டிஃபிகேட் என்று காலேஜில் நின்றார்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஏற்கெனவே அறிவித்திருந்தது. அந்தத் தாளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவளுடைய மாமா மூன்று தடவை நடந்த பிறகு கொடுத்தார்கள். அடுத்த ஜூனில் பி.காம் சேர்ந்தாள். இப்போது ஒரு முந்திரி ஆலையில் கணக்கு பார்க்கிறாள். நான் வாங்கிய முதல் சம்பளத்துக்கு அவளுடையது ஒன்றும் குறைவில்லை, ராத்திரி தூங்கவும் செய்கிறாள். அவள் செய்தது சரி. ஒரு வருஷம்தான் போனது.

அதையே நான் இரண்டாம் வருஷத்தில் செய்திருந்தால்? அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி மார்க் லிஸ்டைக் கொண்டுபோய்க் காட்டி பி.காமில் இரண்டாம் வருஷம் சேர முடியாது. எங்கே போனாலும் முதல் வருஷத்திலிருந்து. கழிந்த இரண்டும் புதிதாக மூன்றும் சேர்த்து ஐந்து வருஷத்தில் ஒரு டிகிரி. இருந்த இடத்திலேயே இருந்தால் இன்னும் இரண்டு வருஷம். பழைய பாத்திரத்தைப் போட்டால் பித்தளைக் கணக்காவது உண்டு. பாதி நர்சிங்கைப் போட்டுக் காசாக்க எந்தக் கடையும் இல்லை.

கடன் இன்னும் மோசம். நாங்கள் எடுத்தது நாலு லட்சம். விடலாம் என்று விசாரிக்க பேங்குக்குப் போனபோது கவுன்டரில் இருந்த மேடம் ஒன்றும் பேசாமல் தாளை என் பக்கம் திருப்பி, ஒரு வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டார். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கிற காலமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் வட்டியை மத்திய அரசு மானியமாகக் கட்டும். படிப்பைப் பாதியில் நிறுத்தினால் அந்த மானியம் கிடையாது. உடம்புக்கு முடியாமல் நிறுத்தினால் மட்டும் விலக்கு. நான் சலித்துப் போனது உடம்புக்கு முடியாததில் சேராது. அந்தக் கோடுதான் என்னைத் திரும்ப ஹாஸ்டலுக்கு அனுப்பியது. சேவை மனப்பான்மை என்று சொன்னால் பொய்.

முடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. பி.எஸ்சி நர்சிங்கும் ஒரு டிகிரிதான். குரூப் 2 எழுதலாம், பேங்க் பரீட்சை எழுதலாம். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும், அதற்காகப் படிப்பை விட வேண்டியதே இல்லை. பி.காமை முடித்துவிட்டு, நர்சாக வேலை பார்க்கத் தேவையான நர்சிங் ரெஜிஸ்ட்ரேஷன் வாங்க முடியுமா? ஒரு கதவு இரண்டு பக்கமும் திறக்கிறது, மற்றது ஒரு பக்கம்தான். அந்த ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் கையில் இருந்ததால் கேரள நர்சிங் கவுன்சிலிலும் பதிந்துகொண்டு இப்போது திருவனந்தபுரத்தில் ஐசியுவில் இருக்கிறேன். குழித்துறையில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மத்திய அரசின் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலைக்கான நார்செட் பரீட்சையும் அந்த நம்பரை வைத்துத்தான். நான் எழுதியபோது அடிப்படைச் சம்பளமே 44,900, இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு. இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் போச்சு. இந்தியா முழுக்க எழுதுகிறார்கள், அதனால் அதை நம்பி மட்டும் யாரையும் படிக்கச் சொல்ல மாட்டேன்.

வெளிநாடு பற்றி எனக்குக் கேள்வி ஞானம்தான். வளைகுடாவுக்கு இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள், ஜெர்மனிக்கு பி2 நிலை வரை ஜெர்மன் மொழி என்கிறார்கள். நான் இன்னும் பி1-ல் டெர், டி, டாஸ் என்கிற பால்குறிச் சொற்களோடு மல்லுக்கட்டுகிறேன். ஏஜென்டு விஷயத்தில் மட்டும் உறுதியாகச் சொல்வேன்: பதிவு பெற்ற ஏஜென்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சத்தில் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜி.என்.எம் பிள்ளைகளுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அது டிப்ளமோ, டிகிரி கேட்கிற பரீட்சைக்கு உதவாது. அதை டிகிரியாக்க போஸ்ட் பேசிக் பி.எஸ்சி இன்னும் இரண்டு வருஷம் படிக்க வேண்டும். நார்செட்டுக்கும் 50 படுக்கை ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும். அதில் முதல் வருஷத்திலேயே தயங்குகிறவளை நான் பிடித்து நிறுத்துவதில்லை. பி.எஸ்சியிலும் அப்படித்தான், முதல் வருஷம் முடியுமுன் என்றால். ரத்தத்தைப் பார்த்து மயக்கம் வருவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், எனக்கும் வந்தது, போய்விட்டது. நோயாளியைத் தொடவே மனசு கூசுகிறது, மாசக்கணக்காகியும் மாறவில்லை என்றால் அது வேறு.

கருங்கல் பிள்ளை பி.எஸ்சி, இரண்டாம் வருஷம், கடன் உண்டு. லோன் பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். நான் அந்த வரியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "திங்கக்கிழம ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரில போஸ்டிங் இருக்கு அக்கா, யூனிஃபார்ம் தேய்க்கல" என்றாள்.