பாரிசவாதத்துக்கு எந்த ஊசி: மூளையைக் காப்பதா, இரத்தக்கட்டியைக் கரைப்பதா?

வன்னியில் ஒருவருக்குப் பாரிசவாதம் (மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டோ கசிந்தோ வரும் பக்கவாதம்) என்றால் மறுநாளே கனடாவிலிருந்து போன் வந்துவிடும்: "மூளையைக் காப்பாத்த ஒரு ஊசி இருக்காமே, போட்டாச்சோ?" மூளையைக் காக்கும் மருந்து என்ற பெயரில் உலவுபவை பல. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அதிகம் அடிபடும் பெயர் சிற்றிகோலின். குளிசையாகவும் கிடைக்கும், பெரிய பக்கவிளைவும் இல்லை. 2012இல் வெளியான இக்டஸ் ஆய்வில் 2,298 நோயாளிகள். பாதிப்பேருக்கு இதை நாளுக்கு 2 கிராம் வீதம் ஆறு கிழமை கொடுத்தார்கள். மருந்தில்லாப் போலிக் குளிசை எடுத்தவர்களை விட அவர்கள் ஒன்றும் கூடுதலாகத் தேறவில்லை. கெடுதல் இல்லை, காசுதான் கரையும்.

பன்றி மூளையிலிருந்து எடுக்கும் செரிப்ரோலைசினுக்கோ நான் காசு கொடுக்கவே மாட்டேன்.

எடராவோன் கதை வேறு. ஜப்பானில் 2001இலேயே அனுமதி கிடைத்தது. சீனாவில் இதோடு டெக்ஸ்போர்னியோல் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்து, நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையாக 914 பேரிடம் சோதித்தார்கள். 90 நாளில் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்தவர்கள், மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 64 பேர். எடுக்காதவர்களில் 55 பேர். ஆசை காட்டும் கணக்குத்தான். ஆனால் வேறு நாட்டு நோயாளிகளிடமும் இதே பலன் தெரிந்தால்தான் நம்புவேன். இன்னொன்று, எடராவோன் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவிக் கிடக்கும் வவுனியாப் பக்கத்தில் இரத்தம் சோதிக்காமல் அதைத் தொடக்கூடாது.

சரி, பிந்திக் கொடுப்பதால்தான் இவை தோற்கின்றனவா? அமெரிக்காவில் 1,700 பேருக்கு அம்புலன்ஸிலேயே மக்னீசியமோ போலி மருந்தோ ஏற்றிப் பார்த்தார்கள். மக்னீசியத்தால் பலனில்லை.

அல்டிப்ளேஸ் ஊசி இவற்றைப்போல மூளையைக் காக்க வந்த மருந்தல்ல; அடைப்பைக் கரைத்து இரத்தத்தை ஓடவிடுவது. பலன் நிரூபணமானதும் இதற்குத்தான். ஆனால் வருத்தம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள், அதுவும் சிரி (CT) ஸ்கானில் இரத்தக் கசிவு இல்லையென்று பார்த்த பிறகே போடலாம். புதுக்குடியிருப்பு உள்ளூரிலிருந்து ஸ்கான் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நிறைய நேரம் போய்விடும். அதனால் வாய் கோணினாலோ ஒரு கை விழுந்தாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். ஆள் கடைசியாக நல்லாயிருந்தது எத்தனை மணிக்கு என்று டொக்டர் முதலில் கேட்பார். நித்திரையால் எழும்பும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப்போன நேரத்தைத்தான் சொல்லவேண்டும். ஸ்கானுக்கு முன் வீட்டில் அஸ்பிரின் கொடுக்கவேண்டாம். கசிவாக இருந்தால் அது இன்னும் மோசமாக்கும்.