ஆடும் மர நாற்காலி: ஆணியா, ஃபெவிகாலா, அரால்டைட்டா?

வீட்டு மர நாற்காலிகள் கட்டை முறிந்து கெடுவது குறைவு. மூட்டு விட்டுத்தான் கெடுகின்றன. அதிலும் பின்னங்காலும் இருக்கைச் சட்டமும் சேரும் இடம்தான் முதலில் இளகும். சாய்ந்து உட்காரும்போது அழுத்தம் முழுக்க அங்கேதான். மழைக்காலத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். காலின் துளைக்குள் செருகியிருக்கும் சட்டத்தின் முனைதான் கழுந்து; அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியை இழக்கும்.

பலரும் உடனே ஆணி அடித்துவிடுகிறார்கள். அன்றைக்கு ஆட்டம் நிற்கும். ஆனால் ஆணி கழுந்தைப் பிளக்கும். நாற்காலி அசைய அசைய அது தன் ஓட்டையைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும். அப்புறம் மூட்டைப் பிரிப்பதும் பெரும்பாடு. ஆசாரியிடம் கொண்டுபோனால் அவருக்கு முதல் வேலையே ஆணி பிடுங்குவதுதான். நல்ல தேக்கு நாற்காலியில் ஆணி அடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எல் வடிவ இரும்புப் பட்டை ஓரளவு பரவாயில்லை, சமையலறை ஸ்டூலுக்குப் போதும். பிசைந்து ஒட்டும் எம்-சீல் பசையை மூட்டின் வெளியே அப்புவதும் பயனில்லை; விட்டுப்போனது உள்ளே அல்லவா?

ஆக, உண்மையான போட்டி ஃபெவிகாலுக்கும் அரால்டைட்டுக்கும்தான்.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை மரத்தின் நாரில் ஊறிப் பிடிக்கும். நார் வாக்கில் விரிசல் விட்ட கட்டையை இதில் ஒட்டினால், அடுத்த முறை ஒட்டிய இடத்துக்குப் பக்கத்து மரம்தான் உடையும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள்: மரம் மரத்தோடு நெருங்கிப் படிய வேண்டும், பழைய பசை போயிருக்க வேண்டும். காய்ந்த பசையின் மேல் புதுப்பசை பிடிக்காது. மூட்டை ரப்பர் சுத்தியலால் தட்டிக் கழற்றி, வெதுவெதுப்பான வினிகர் தொட்ட துணியால் ஊறவைத்துக் கத்தியால் சுரண்டுங்கள். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் கழுந்து இளைத்துவிடும். தாத்தா காலத்து நாற்காலியில் பெரும்பாலும் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசை இருக்கும். அதற்கு வெந்நீர்த் துணியே போதும்.

நன்றாகக் காய்ந்ததும் துளையிலும் கழுந்திலும் பசை தடவிப் பொருத்துங்கள். கிளாம்ப் இல்லையென்றால் கயிறு போதும். நான்கு கால்களையும் சுற்றி இரண்டு வரி கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். பசை மூட்டிலிருந்து மணிமணியாகப் பிதுங்கினால் இறுக்கம் சரி. அதை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கயிறு பதியும் இடத்தில் பழந்துணி வைக்க மறக்காதீர்கள். பசை காய்வதற்குள் நாற்காலியைச் சமதளத்தில் நிறுத்தி நான்கு கால்களும் தரையில் படிகின்றனவா என்று பார்ப்பது முக்கியம். பிறகு ஒரு நாள் முழுக்க யாரும் உட்காரக் கூடாது.

கழுந்து துளைக்குள் லொடலொடவென்று ஆடினால் ஃபெவிகால் தோற்றுவிடும். இடைவெளியை நிரப்பும் பலம் அதற்குக் கிடையாது. அங்கேதான் அரால்டைட் போன்ற எபாக்ஸி ஜெயிக்கும். இரண்டு குழாய்களையும் சொன்ன அளவில் கலந்து தடவினால் இடைவெளியை நிரப்பிக்கொண்டு இறுகும், தண்ணீருக்கும் அசராது. ஆனால் பத்து வருடம் கழித்து அந்த மூட்டை யாராலும் லேசில் பிரிக்க முடியாது. அதனால் நான் முதலில் கழுந்தின் மேல் மெல்லிய தேக்குச் சீவலை ஒட்டித் தடிமன் ஏற்றி, ஃபெவிகாலிலேயே முடிக்கப் பார்ப்பேன். துளையின் விளிம்பே நொறுங்கிப் போயிருந்தால் மட்டும் எபாக்ஸி.

கால் குறுக்கே முறிந்திருந்தால் இரண்டுமே உதவாது. குறுக்கு முறிவில் பசைக்குப் பிடிமானம் குறைவு, ஆளின் எடையோ அதன் மேல்தான். அங்கே ஆசாரியிடம் கொடுத்துப் புதுக்கால் கடைந்து போடுவதுதான் சரி.