‘தங்கள் செய்திக்கு நன்றி’யா, ‘பாத்துட்டு சொல்றேங்க’வா? சின்னக் கடைக்கு எந்தத் தானியங்கிப் பதில்?

அண்ணி வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறார். சேலை அவர் பாடு. இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து குவியும் ‘ரேட் எவ்ளோ’க்களுக்குப் பதில் சொல்வது என் பாடு. கை ஓய்ந்துபோய் மூன்று வழிகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன்: சொல்லைப் பிடித்துத் தானாகப் பதில் அனுப்பும் பாட் (bot), ஏஐ, வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இலவசமாகவே கிடக்கும் தயார் பதில்கள். பதிலைப் படித்தவர் மறுபடி பேசுகிறாரா என்பது ஒன்றுதான் என் அளவுகோல்.

பாட் முதலில். ரீல்ஸின் கீழே ‘விலை’ என்று கமெண்ட் போட்டால் அடுத்த நொடி இன்பாக்ஸில் விலைப்பட்டியல் போய்விடும். ஒரு கமெண்ட்டுக்கு இப்படி ஒரே ஒரு தனிச்செய்திதான், அதுவும் 7 நாளுக்குள் என்பது இன்ஸ்டாகிராம் விதி. அவர் பதில் போட்டால்தான் மேற்கொண்டு பேச 24 மணி நேரம் கதவு திறக்கும். அந்த ஒரு வேலைக்கு பாட் கெட்டிக்காரன். ஆனால் நம் ஆட்கள் விலையை எத்தனை விதமாகக் கேட்கிறார்கள்! ‘வெல என்ன’, ‘ரேட்’, ‘பிரைஸ்’, ‘பி.பி.’ (பிரைஸ் ப்ளீஸாம்), போதாக்குறைக்கு தங்கிலீஷில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். இருபது வடிவத்தைச் சேர்த்து வைத்தால் இருபத்தோராவது வந்து நிற்கும்.

அது பரவாயில்லை. ஒருநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர், “அம்மா தவறிட்டாங்க. அந்த ஆர்டர் வேண்டாங்க” என்று அனுப்பியிருந்தார். பாட் ‘ஆர்டர்’ என்ற சொல்லை மட்டும் கவ்விக்கொண்டு, பட்டாசு வெடிக்கும் படத்தோடு “ஆர்டருக்கு நன்றி!” என்றது. போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அன்று சாயங்காலமே பாட்டை இன்பாக்ஸிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது கமெண்ட்டோடு சரி.

ஏஐ இந்தக் கூத்தை அடித்திருக்காது. தங்கிலீஷும் புரிகிறது, அரைகுறை வாக்கியமும் புரிகிறது. சிக்கல் அது வாயைத் திறக்கும்போதுதான். “தங்கள் மேலான விசாரணைக்கு மிக்க நன்றி!” என்கிறது, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. பேச்சுத்தமிழில் எழுது என்றால் ஒரே வரியில் சென்னையும் கோயம்புத்தூரும் கலந்து, நடுவில் ஒரு ‘செல்லம்’. ‘அக்கா’ போடச் சொன்னேன். மனைவிக்குச் சேலை கேட்ட மனிதரையும் அக்கா என்றது. கடைசியில் கைகொடுத்தது ‘ங்க’தான். ‘இருக்குங்க’, ‘அனுப்பிடலாங்க’: வயதும் தெரிய வேண்டாம், ஆணா பெண்ணா என்றும் தெரிய வேண்டாம், மரியாதையும் குறையாது.

பேச்சைத் திருத்திவிடலாம், வாக்குறுதியை என்ன செய்வது? “மெரூன் இருக்கா? ஞாயித்துக்கிழமை வளைகாப்பு” என்று கேட்டவருக்கு, “நிச்சயமாக ஞாயிறுக்குள் வந்துவிடும்!” என்று எழுதியது. கூரியர்காரரே சொல்லாத வார்த்தை. பெரிய நிறுவனங்களே இதில் மாட்டியிருக்கின்றன. பாட்டி இறந்து ஊருக்குக் கிளம்பிய பயணி ஒருவரிடம், துக்கப் பயணச் சலுகையைப் போய் வந்த பிறகும் கேட்டு வாங்கலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் தவறாகச் சொன்னது. அந்தப் பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்றுகூட நிறுவனம் வாதாடிப் பார்த்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்காமல், 2024 பிப்ரவரியில் பயணிக்குப் பணம் தரச் சொல்லிவிட்டது. அண்ணியின் கடைக்கு அந்தத் தெம்பு இல்லை. ஆகவே ஏஐ எனக்கு வரைவு எழுதிக் கொடுக்கும், அனுப்புவது நான்.

மிச்சம், தயார் பதில்கள். 50 வரை சேமித்து வைக்கலாம்; சாய்கோடு போட்டுக் குறுஞ்சொல்லைத் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். அனுப்புமுன் அவர் கேட்டதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துச் செருகுவேன். “மெரூன் ஒன்னுதாங்க இருக்கு. வளைகாப்புக்குள்ள வந்துருமான்னு கூரியர்ல கேட்டுட்டு சொல்றேன்.” முக்கால்வாசி தயார்ச் சரக்கு, யாருக்கும் அப்படித் தோன்றியதில்லை. வேகத்தில் பாட்டிடம் தோற்கும்தான். ராத்திரி ஒரு மணிக்கு மனிதர் பதில் போடவும் முடியாது.

அதற்குத்தான் கடை மூடிய பிறகு போகும் மெசேஜ். சிலர் இங்கே வேண்டுமென்றே தாமதம் வைத்து, ‘டைப்பிங்’ என்று காட்டி ஆள் இருப்பதுபோல் நடிக்க வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தெரிந்துவிட்டால் மானம் போகும். எங்களுடையது இவ்வளவுதான்: “கடை மூடியாச்சுங்க. இது தானா போற மெசேஜ். காலைல பத்து மணிக்கு நான் பாத்துட்டு சொல்றேங்க.”

தானாகப் போவது என்று எழுதியிருந்தும் அதற்குக் கீழே பலர் பதில் போட்டு வைக்கிறார்கள். போன வாரம் ஒன்று: “அவசரமில்லீங்க, மெதுவா பாருங்க.”