மாதந்தோறும் கிளே போட முற்பணம் கட்டாதீர்கள்: 48,000 ரூபாய் போய்விட்டது

இன்று காலையும் கையை விரித்துவிட்டார்கள். அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன். மட்டக்களப்பில் கார் கழுவிப் பளபளப்பாக்கும் ஒரு கடையில், மாதாமாதம் கிளே போட, அதாவது பெயின்டில் பதிந்த அழுக்கைக் களிமண்போன்ற கட்டியால் தேய்த்து எடுக்க, முற்பணம் கட்டி 48,000 ரூபாயைத் தொலைத்தேன். கூடவே காரின் பெயின்டையும் கெடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில், மாரி மழை ஓய்ந்த கையோடு, காரைக் கழுவக் கொண்டுபோனேன். கழுவித் துடைத்த பிறகு அங்கிருந்த இளைஞர் மெல்லிய பொலித்தீன் பை ஒன்றை நீட்டினார். "அண்ணா, இதைக் கையில் மாட்டிக்கொண்டு பொனட்டைத் தடவிப் பாருங்கள்" என்றார். தடவினேன். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த பெயின்ட், விரலுக்கு மண்தாள்போல் சொரசொரத்தது. வேலை நாட்களில் காரைப் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில்தான் நிறுத்துகிறேன். தண்டவாளத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள் பெயின்டில் பதிந்துவிடும், கழுவினால் போகாது என்று விளக்கினார். உள்ளங்கை அளவு இடத்தில் திரவம் தெளித்து, கிளே கட்டியை நான்கைந்து தடவை வழுக்கவிட்டார். மறுபடி தடவச் சொன்னார். கண்ணாடிபோல் இருந்தது. கட்டியைத் திருப்பிக் காட்டினார், அதில் பழுப்பு நிறமாக அழுக்கு ஒட்டியிருந்தது.

அங்கேதான் நான் விழுந்தேன். அதுவரை அவர் காட்டியது அத்தனையும் உண்மை. அந்த உண்மையைக் காட்டித்தான் அடுத்த பொய்யை என்னிடம் விற்றார்: "இது கடற்கரை ஊர், உப்புக்காற்று. மாதம் ஒருமுறை கிளே போடாவிட்டால் இரண்டு வருடத்தில் பெயின்ட் உரிந்துவிடும்." ஒரு தடவைக்கு 4,000 வீதம் 12 மாதத்துக்கு 48,000 ரூபாய், முழுவதும் முற்பணம். 2020 இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து இருக்கிற காரைக் கண்போலக் காத்து வருபவன் நான். அன்று மாலையே பணத்தைக் கடையின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டேன்.

இரண்டாம் மாதம் பக்கத்தில் நின்று பார்த்தேன். கட்டி சீமெந்துத் தரையில் விழுந்தது. வேலை செய்த பையன் அதை எடுத்துக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, அதே கட்டியால் தொடர்ந்து தேய்த்தான். கேட்டதற்கு, "ஒன்றும் ஆகாது அண்ணா" என்றான். அப்போதே காரைத் திருப்பியிருக்க வேண்டும். மூன்றாம் தடவைக்குப் பிறகு, ஒருநாள் சாய்ந்த வெயிலில் பார்த்தால், கருநீலப் பொனட் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் கீறல்.

கீறலைக் காட்டி முறையிட முதல் நாள் போனபோது, வெயிலில் நிறுத்தினால் அப்படித்தான் தெரியும் என்றார்கள். பிறகு முதலாளி கொழும்பில், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்கள். வெள்ளிக்கிழமை போனால், வேலை செய்த பையன் விலகிவிட்டானாம். இன்று முதலாளியே இருந்தார். கீறல் முன்பே இருந்தது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மீதி ஒன்பது தடவைக்குரிய 36,000 ரூபாயையாவது கேட்டேன். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. "வேண்டுமென்றால் மீதி ஒன்பதையும் வந்து போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். எது என் காரைக் கெடுத்ததோ அதையே இன்னும் ஒன்பது தடவை!

ஆரையம்பதியில் எனக்குத் தெரிந்த பெயின்ட் பாஸ் ஒருவரிடம் காட்டினேன். பொனட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இதற்கு மாதாமாதம் கிளே போடச் சொன்னது யார்?" உப்பு தண்ணீரில் கரைந்துவிடும், அதற்குக் கிளே தேவையே இல்லை என்றார். கீறலை எடுக்க மெஷினால் பொலிஷ் போடலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் பெயின்டின் மேலிருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு கொஞ்சம் தேயும், அது தலைமயிரின் தடிப்புக்கூட இல்லாத படலம் என்றார். அந்தச் செலவும் இனி என் தலையில்தான்.

எப்போது, எத்தனை தடவை கிளே போடலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கழுவிய பிறகு பையால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு இருந்தால் மட்டும் கிளே. வருடத்துக்கு ஒருமுறை போதும், மிஞ்சினால் இரண்டு. வழுக்கும் திரவம் இல்லாமல் தேய்க்க விடாதீர்கள். தரையில் விழுந்த கட்டியைக் குப்பையில் போடச் சொல்லுங்கள். கிளே, பெயின்டைக் காக்கப் பூசிய பழைய வாக்ஸையும் (மெழுகையும்) எடுத்துவிடும், ஆகவே அன்றே புதிதாக வாக்ஸ் போடவேண்டும். எனக்கு மூன்று தடவையும் போடவில்லை. முற்பணம் ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு நாளை அழைத்து முறையிடப் போகிறேன். இதேபோல் வருடக் கணக்குக்குப் பணம் கட்டியவர்கள் இருந்தால், ரசீதின் இரண்டு பக்கத்தையும் இன்றே படம் எடுத்து வையுங்கள்.