ஜெப்பர்டியோடு 23 ஆண்டுகள்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். 2002 ஜனவரியில் நான் வேலைக்காகச் சிகாகோ வந்து சேர்ந்தபோது அந்த ஊரில் ஜெப்பர்டி என்ற தொலைக்காட்சி வினாடி வினா பிற்பகல் 3:30 மணிக்கு ஒளிபரப்பானது. வேலைக்குப் போகிற எவனும் வீட்டில் இல்லாத நேரம். நியூயார்க்கில் இருந்த நண்பனோ அதையே மாலை ஏழு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தான். ஒரே நாடு, ஒரே நாள், ஒரே போட்டி. ஆனால் ஊருக்கு ஒரு நேரம், ஊருக்கு ஒரு சேனல். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷன் முன்னால் தெருவே கூடி உட்கார்ந்த காலத்தில் வளர்ந்த எனக்கு இது விளங்கவே சில வாரங்கள் ஆயின.

இந்த ஏற்பாட்டுக்குச் சிண்டிகேஷன் என்று பெயர். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி போன்ற பெரிய வலையமைப்புகள் எதற்கும் ஜெப்பர்டி சொந்தமில்லை. சோனி தயாரிக்கிறது, விநியோகஸ்தர் ஒவ்வொரு ஊர் நிலையத்திடமும் தனித்தனியாக விற்கிறார். படப்பெட்டியை வாங்கிய கொட்டகைக்காரர் காட்சி நேரத்தைத் தன் ஊருக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்வதைப் போலத்தான். ஓபரா வின்ஃப்ரேயின் உரையாடல் நிகழ்ச்சி 1986 முதல் 2011 வரை 25 பருவங்கள் ஓடியது இந்த வழியில்தான். 1996 முதல் 2021 வரை தன் நீதிமன்ற நிகழ்ச்சியில் ஜட்ஜ் ஜூடி அதட்டிக்கொண்டிருந்ததும் இப்படித்தான். 1970-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது: பெரிய நகரங்களில் வலையமைப்புகள் மாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் எட்டு மணிக்கு முந்தைய நேரம் உள்ளூர் நிலையங்களின் கைக்கு வந்தது. 1983-இல், சக்கரத்தைச் சுழற்றி எழுத்துகளை ஊகிக்கும் போட்டியான வீல் ஆஃப் ஃபார்ச்சூனும் 1984-இல் ஜெப்பர்டியும் சிண்டிகேஷனுக்கு வந்து, பெரும்பாலான ஊர்களில் அந்த இடத்தில் உட்கார்ந்தன. 1996-இல் விதியை எடுத்துவிட்டார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

சிகாகோவில் நான் செய்தது, பழைய பொருள் கடையில் ஒரு விசிஆர் வாங்கியது. காலையில் நாடாவைச் செருகி, நேரத்தைக் குறித்துவிட்டு ரயில் பிடிப்பேன். இரவு ஒன்பது மணிக்கு ரசம் சோற்றோடு பார்ப்பேன். அப்போதெல்லாம் ஏப்ரலில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள் என்பது எனக்குத் தெரியும், விசிஆருக்குத் தெரியாது. ஒரு வாரம் முழுக்க வேறு எதுவோ பதிவாகிக் கிடந்தது. பனிப்புயல் எச்சரிக்கை, அதிபரின் உரை என்று எது வந்தாலும் உள்ளூர் நிலையம் முதலில் கை வைத்தது இந்த அரை மணி நேரத்தில்தான். இறுதிச் சுற்றுக்கு முந்தைய விளம்பரத்தோடு நாடா முடிந்துபோன இரவுகளும் உண்டு. அதற்கு நிலையத்தைக் குறை சொல்ல முடியாது. பழைய நாடாவை வாங்கியவன் நான்.

பார்க்காதவர்களுக்காக: ஆறு தலைப்புகள், தலைப்புக்கு ஐந்து குறிப்புகள், அப்படி இரண்டு சுற்றுகள், கடைசியில் ஒன்று. மொத்தம் 61. தொகுப்பாளர் விடையைச் சொல்வார். போட்டியாளர் அதற்கான கேள்வியைச் சொல்ல வேண்டும். 1950-களின் வினாடி வினா மோசடிகளுக்குப் பிறகு பிறந்த யோசனை இது. போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே விடைகளைக் கொடுத்த ஊழல் நாட்டையே உலுக்கியிருந்தது. அப்படியானால் விடைகளையே கொடுத்துவிடலாமே என்றாராம் நிகழ்ச்சியை உருவாக்கிய மெர்வ் கிரிஃபினின் மனைவி ஜூலான், ஒரு விமானப் பயணத்தில். “5,280” என்று அவர் சொல்ல, “ஒரு மைலுக்கு எத்தனை அடி?” என்று கிரிஃபின் கேட்க, நிகழ்ச்சி உருவாயிற்று. 1964-இல் என்பிசியில் தொடங்கி 1975 வரை ஓடிய முதல் பிறவியை நான் பார்த்ததில்லை. நான் எழுதுவது 1984-இல் தொகுப்பாளர் அலெக்ஸ் ட்ரெபெக்கோடு தொடங்கிய மறுபிறவியைப் பற்றி.

இதை நான் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளவில்லை. மொழிபெயர்ப்பு அகராதியைப் போலப் பயன்படுத்தினேன். அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் சிரிக்கும்போது எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பதற்கான காரணங்கள் அந்தப் பலகையில் இருந்தன. வேதியியலும் உலக வரைபடமும் என் பக்கம். பேஸ்பால், பிராட்வே இசை நாடகங்கள், பைபிள் வசனங்கள், பழைய தொலைக்காட்சித் தொடர்கள் வந்தால் நான் ஊமை. மூன்று ஆண்டுகளில் மாநிலத் தலைநகரங்கள் மனப்பாடமாயின. ஐந்தாறு ஆண்டுகளில் அதிபர்கள் வரிசையாயினர். பேஸ்பால் இன்றும் வசப்படவில்லை. 2014-இல் குடியுரிமைத் தேர்வில் பத்துக் கேள்விகளில் ஆறுக்குச் சரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் ஆறும் சரியானவுடன் அதிகாரி நிறுத்திவிட்டார். மீதி நான்கையும் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது.

கென் ஜென்னிங்ஸ் போட்டியாளராக வந்தது 2004-இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐந்து நாட்களுக்கு மேல் யாரும் விளையாடக் கூடாது என்ற விதியை நீக்கியிருந்தார்கள். அவர் தொடர்ந்து 74 போட்டிகளை வென்றார். 25 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தார். அந்த ஆண்டு நான் ஒரு நாடாவைக்கூட அழிக்கவில்லை. நவம்பர் 30 அன்று அவர் தோற்ற இறுதிக் குறிப்பு: ஒரு நிறுவனத்தின் 70,000 பருவகால அலுவலக ஊழியர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு நான்கு மாதங்கள்தான் வேலை செய்கிறார்கள். அவர் ஃபெட்எக்ஸ் என்று எழுதினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வருமான வரிப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு முதல் ஆண்டே, சரியான விடையான எச் அண்ட் ஆர் பிளாக் கடையில் வரிசையில் நின்றவன் நான். 74 நாட்கள் வென்ற மனிதருக்குத் தெரியாதது, விசாவில் வந்தவனுக்குத் தெரிந்திருந்தது. இருபது ஆண்டுகளாக இதை விருந்தினர்களிடம் சொல்லி வருகிறேன். என் மனைவி அந்த நேரத்தில் காப்பி போட எழுந்துவிடுவாள்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி வெல்வது சுலபம் என்பதையும் சொல்ல வேண்டும். அரங்கில் குறிப்பைப் படித்து முடித்து, பலகையின் ஓரத்து விளக்குகள் எரிந்த பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். முந்தினால் கால் விநாடி பூட்டிவிடும். அந்தக் கால் விநாடிக்குள் பக்கத்தில் நிற்பவர் தட்டிக்கொண்டு போய்விடுவார். மூவருக்குமே பெரும்பாலான விடைகள் தெரிந்திருக்கும். கட்டை விரல்தான் தீர்மானிக்கிறது. 2011 பிப்ரவரியில் ஐபிஎம்மின் வாட்சன் கணினி, ஜென்னிங்ஸையும் இன்னொரு சாதனையாளரான பிராட் ரட்டரையும் தோற்கடித்தபோது அதற்கு இருந்த பெரிய அனுகூலங்களில் ஒன்று இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் முதல் ஆட்டத்தின் இறுதிக் குறிப்பு அமெரிக்க நகரங்களைப் பற்றியது: பெரிய விமான நிலையம் இரண்டாம் உலகப் போர் வீரரின் பெயரில், அடுத்தது அந்தப் போரின் ஒரு சண்டையின் பெயரில். சிகாகோவின் ஓஹேர், மிட்வே. கணினி, கனடாவில் இருக்கும் டொரான்டோ என்றது. ஆறு ஆண்டுகள் சிகாகோவில் பனி வாரியவன் அன்று எவ்வளவு மகிழ்ந்திருப்பான் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அப்போது நாங்கள் ஃபிலடெல்ஃபியா பக்கம் குடிவந்திருந்தோம். இங்கே ஜெப்பர்டி ஏழு மணிக்கு, வீல் ஆஃப் ஃபார்ச்சூன் ஏழரைக்கு. விசிஆர் பரணுக்குப் போனது. 2009 கோடையில் விருதுநகரிலிருந்து அம்மா வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஜெப்பர்டியை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “விடையை அவரே சொல்லிவிட்டால் அப்புறம் எதற்கப்பா பரிசு?” என்று எழுந்து போய்விட்டார். ஏழரை மணிக்குத் திரும்பி வந்தவர் நகரவில்லை. வார இதழ்க் குறுக்கெழுத்துகளைப் பென்சில் இல்லாமல் முடிப்பவருக்கு, எழுத்து எழுத்தாகத் திறக்கும் அந்தப் பலகை பிடித்துப்போனது. மெய்யெழுத்தைச் சரியாகச் சொன்னால் பணம். உயிரெழுத்து வேண்டுமென்றால் 250 டாலர் கொடுத்து வாங்க வேண்டும். இந்த விதி அவரை ஆறு மாதமும் உறுத்திக்கொண்டே இருந்தது. “உயிரில்லாமல் மெய் எப்படியப்பா அசையும்? அதற்குப் போய் விலையா?” 1997 முதல் எழுத்துகளைத் திருப்ப வேண்டியதில்லை, திரையைத் தொட்டாலே போதும் என்று பலகையருகே நிற்கும் வன்னா ஒயிட்டைப் பற்றி நான் சொன்னதும், “வேலை குறைந்தும் ஆளை நிறுத்தவில்லை. நல்ல முதலாளி” என்றார்.

எனக்கு அந்தச் சக்கரம் ஒருபோதும் ஒட்டவில்லை. பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம். கூடவே கைதட்டல் அதிகம். தொகுப்பாளர் பேட் சஜாக்கின் அலட்சியமான நக்கலுக்காக மட்டும் பார்ப்பேன். 2024 ஜூனில் அவர் ஓய்வுபெற்று ரையன் சீக்ரெஸ்ட் வந்த பிறகு அதுவும் நின்றது. அம்மா மட்டும் வீடியோ அழைப்பில் அந்த அம்மாள் இருக்கிறாளா என்று கேட்பார். இருக்கிறார், 1982 முதல்.

ட்ரெபெக்கைப் பற்றி நான் தவறாகக் கணித்தேன். அவர் போனால் நிகழ்ச்சியும் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். கனடாவின் சட்பரியில் பிறந்து 1998-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அயல்மொழிப் பெயர்களை வெளிப்படையான சுவையோடு உச்சரிப்பார். தன் பெயரைச் சகஊழியர்கள் கடித்துத் துப்புவதைத் தினமும் கேட்பவனுக்கு அது எவ்வளவு பெரிய உபசாரம் என்று விளக்க வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் கணையப் புற்றுநோய் என்று தானே அறிவித்தார். அந்த நவம்பரில் துருவ் கவுர் என்ற மாணவர், இறுதிச் சுற்றில் விடைக்குப் பதிலாக அலெக்ஸ் மீது தங்களுக்குள்ள அன்பை எழுதிக் காட்டினார். ஐந்து டாலர் மிச்சம் வைத்து மற்றதையெல்லாம் பந்தயத்தில் விட்டார். ட்ரெபெக்குக்குக் குரல் அடைத்தது. 2020 நவம்பர் 8-இல் இறந்தார். ஒரு நாளைக்கு ஐந்து நிகழ்ச்சிகள் முன்கூட்டியே படமாக்குவது வழக்கம் என்பதால், இறந்தவர் 2021 ஜனவரி 8 வரை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அந்த இரண்டு மாதங்களில் நாங்கள் யாரும் ஒலியைக் குறைக்கவில்லை.

பிறகு வந்த ஆண்டு அலங்கோலம். சில வாரங்களுக்கு ஒருவராக விருந்தாளித் தொகுப்பாளர்கள். தயாரிப்பாளரையே தொகுப்பாளராக அறிவித்து, சில நாட்களில் அவர் விலகி, அப்புறம் இருவர் மாறி மாறி. 2023 டிசம்பர் முதல் ஜென்னிங்ஸ் தனியாக நடத்துகிறார். ட்ரெபெக்கின் கம்பீரம் இல்லை. ஆனால் அந்த மேடையில் வியர்த்து நின்றவருக்கு மட்டுமே வரும் ஒரு பரிவு இருக்கிறது. தவறான விடை சொன்னவரை அவர் பார்க்கும் பார்வையில் ஃபெட்எக்ஸ் தெரியும். என் மனக்குறை வேறு. எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்துக்குப் பின் 2023-24 பருவத்தில் பழைய போட்டியாளர்களை வைத்தே போட்டிகளை நீட்டி, வழக்கமான ஆட்டத்தை ஏப்ரல் வரை தள்ளிவிட்டார்கள். தெரியாத முகங்கள் மூன்று வந்து நிற்பதுதான் இந்த நிகழ்ச்சியின் உப்பு.

செலவைப் பற்றி இரண்டு வரி. இந்த அரை மணி நேரத்துக்காகவே கேபிள் கட்டணம் கட்டி வந்த ஆண்டுகளை நினைத்தால் வயிறு எரிகிறது. 2016-இல் அதை வெட்டிவிட்டு ஜன்னலில் ஒரு ஆன்டெனா ஒட்டினேன்; மரங்கள் துளிர்க்கும் மாதங்களில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடையும். 2025 இலையுதிர் காலம் முதல் மறுநாளே ஹுலு, பீகாக் ஆகிய இணையத் தளங்களிலும் கிடைக்கிறது. வசதிதான். ஆனால் ஏழு மணிக்கு வந்தால் எல்லோரும் கூடத்துக்கு வருகிறார்கள். எப்போது வேண்டுமானாலும் என்றால் யாரும் வருவதில்லை. ஆன்டெனாவை நான் கழற்றவில்லை.

போட்டியில் கலந்துகொள்ள இணையத் தேர்வும் எழுதிப் பார்த்தேன். 50 குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. அதில் விடையைக் கேள்வி வடிவில் எழுதத் தேவையில்லை என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். பழக்க தோஷத்தில் முதல் மூன்றுக்கும் ‘வாட் இஸ்’ என்று தட்டிவிட்டு, பிறகு அழித்துக்கொண்டிருந்தேன்.